வாக்குறுதிக்கும் ஐந்தொகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இலவசங்கள் பற்றி நடக்கும் வாதங்களைத் தங்கள் நாளிதழில் படித்துவருகிறேன். என் தாத்தா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (மேலாளருக்கு உதவியாளாக) இருந்தவர். பிள்ளையார் சுழியோடு தொடங்கும் அவருடைய பேரேடு ஒன்று இன்னும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதில் கோயில் மகமை உட்பட எந்தப் பற்றுக்கும் வரவு காட்டாமல் விட்டதில்லை. ஐந்தொகை, அதாவது வரவையும் பற்றையும் (செலவையும்) ஈடுகட்டிப் பார்க்கும் இருப்புக் கணக்கு, நேராகாவிட்டால் ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்ப முடியாது. நம் தேர்தல் அறிக்கைகளிலோ பற்றுப் பக்கம் மட்டுமே இருக்கிறது.

தமிழ்நாட்டு இலவசத் தொலைக்காட்சித் திட்டத்திலிருந்து எழுந்த வழக்கில் 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததன் விளைவாக, வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் திரட்டும் வழியையும் கட்சிகள் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது தேர்தல் நடத்தை விதிகளில் சேர்ந்தது. செலவு எவ்வளவு, யாருக்குக் கிடைக்கும், வரியா கடனா என்று விவரம் கேட்கும் படிவம் ஒன்றையும் 2022 அக்டோபரில் தேர்தல் ஆணையம் முன்மொழிந்து, கட்சிகளிடம் கருத்துக் கேட்டது. அதைத் தாங்களாகவே நிரப்பிக்காட்ட எந்தக் கட்சிக்கும் தடையில்லை, நிரப்பத்தான் ஆளில்லை.

2021இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.1,000 என்று திமுக மேடையில் சொன்னபோது நிபந்தனை எதுவும் காதில் விழவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த நிதி வெள்ளை அறிக்கை, குடும்பம் ஒன்றுக்குப் பொதுக்கடன் ரூ.2,63,976 என்றது. 2023 செப்டம்பரில் அந்தத் தொகை மகளிர் உரிமைத்தொகை என்ற பெயரில் தொடங்கியபோது ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சம், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட் என்ற வரம்புகள் சேர்ந்துகொண்டன. வரம்பு வைத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். இருக்கிற பணத்துக்கு அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் வாக்குக் கேட்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை வாக்கு வாங்கிய பிறகு சொன்னார்கள்.

இலவசத்தைப் பழிப்பவர்களும் கணக்கில் யோக்கியர்கள் அல்லர். 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கான உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மாதம் ரூ.200 என்ற அளவிலேயே நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் மாநில அரசு தொகையை ரூ.1,200 ஆக உயர்த்தியபோதும் அந்த 200 அசையவில்லை. காரைக்குடியில் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆத்தாவிடம், ஓஏபி (முதியோர் உதவித்தொகை) பணத்தில் டெல்லி எவ்வளவு கொடுக்கிறது தெரியுமா என்று கேட்டேன். "யாரு குடுத்தா என்னங்கய்யா, தேதிக்கு வந்தாச் சரி" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் இந்த அறியாமையை நம்பித்தான் இரு தரப்பும் பேசுகின்றன.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கட்சியின் வாக்குறுதியையும் செய்தியாக வெளியிடும்போது, அதற்கான செலவையும் பணம் வரும் வழியையும் சேர்த்து அச்சிடுங்கள். கட்சி சொல்லாவிட்டால் "செலவு தெரிவிக்கப்படவில்லை" என்று அதே எழுத்தளவில் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
காரைக்குடி.