சாடியில வெள்ளரி: நம்ம சங்கத்தோட 2024/25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கிற அண்ணன் அக்கா தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம். இன்னைக்கு கூட்டத்துக்கு வர ஏலாம தேயிலை மலையில வேலையில நிக்கிறவங்களும் பிறகு வாசிக்கணும்னு பேசுற மாதிரியே டைப் பண்ணிருக்கேன், எழுத்துப்பிழைய டீச்சர்மார் பாத்தும் பாக்காத மாதிரி விட்டுடுங்க.

போன பொதுக்கூட்டத்துல எடுத்த பெரிய தீர்மானம் ஒண்ணுதான், லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, விருப்பப்பட்ட எல்லா வீட்டுலயும் சாடியில, வாளி பேக் மாதிரி தொட்டியில, வெள்ளரி வைக்கிறது. அப்பவே ஒரு சண்டை வந்திச்சு. கரட்டும் லீக்ஸும் கோவாவும் நம்ம குளிருக்கு தானா வருதே, வெள்ளரி சூட்டு ஊருக்கு பொறந்த கொடி, அத போயி தலவாக்கலை பக்கம் 1,200 மீட்டர் உசரத்துல வைக்கிறதான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா கரட்டுக்கு பாத்தி வேணும், பாத்திக்கு நிலம் வேணும், 7 பேர்ச்சஸ் காணியோட தனி வீடு கிடைச்சவங்கள விட்டா மத்தவங்களுக்கு இருக்கிறது இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) வாசலும்தான், அதுவும் நம்ம பேருல இல்ல. சாடின்னா வெயில் பக்கம் நகத்தலாம், மழை அடிச்சா தாவாரத்துக்குள்ள இழுக்கலாம், வெள்ளரி கொடி கயித்துல மேல ஏறிடும், தரையில ஒரு வாளி வைக்கிற இடம் இருந்தா போதும்.

முதல் கோளாறு மண்ணுல வந்திச்சு. கொஞ்ச பேர் தேயிலை மலையில இருந்து நல்ல கருப்பு மண்ணா பாத்து அள்ளிட்டு வந்து அப்பிடியே வாளிய ரொப்பிட்டாங்க, கண்டு ரெண்டு மூணு இலை விட்டு மஞ்சளாகி அப்பிடியே நின்னுபோச்சு. தேயிலைக்கு புளிப்பு மண்ணுதான் சுகம், புளிப்ப அளக்கிற பி.எச். 4.5ல இருந்து 5.5 வரைக்கும், வெள்ளரிக்கு 6க்கு மேல வேணும். கவ்வாத்து வெட்டின மலைக்கு புளிப்ப குறைக்க டொலமைட் சுண்ணாம்புத்தூள் போட்டு கை வெந்தவங்க நம்மள்ல எத்தனை பேரு இருக்கோம், அதே டொலமைட்தான் இதுக்கும், 20 லீட்டர் வாளிக்கு ஒரு சின்ன கைப்பிடி, நடுறதுக்கு ரெண்டு மூணு கிழமைக்கு முன்னமே கலந்து நனைச்சு வைக்கணும். தேங்கா தும்புத்தூள் வாங்குறவங்க நல்லா தண்ணி விட்டு கழுவிட்டு சேருங்க, அதுல உப்பு இருக்கும். கூட்டெரு பத்தி சொல்லவே தேவையில்ல, 2021ல ரசாயன பசளைய நிப்பாட்டின நேரத்துல திட்டிக்கிட்டே கத்துக்கிட்டது இப்ப கை குடுக்குது.

பெயிண்ட் வாளி, பசளை பேக், எதுவும் பரவால்ல, அடியில ஓட்டை இருக்கணும், ஒரு வாளிக்கு ஒரு கொடி. பால்மா டின்ல வச்சவங்களுக்கு காய் வரல, வந்ததும் கசப்பு. வெள்ளரிக்காயில 95 வீதம் தண்ணிதான், சின்ன டின் மத்தியானத்துக்குள்ள காஞ்சுடும், பின்னேரம் வேலை விட்டு வந்து பீலித்தண்ணிய, லயத்து பொதுக்குழாய் தண்ணிய, ஒரேயடியா ஊத்துறது, காயுறதும் ஊத்துறதுமா இருந்தா கொடிக்கு தாங்காது, காய் கசக்கும்.

விதை முளைக்க 25ல இருந்து 30 டிகிரி சூடு வேணும், 15க்கு கீழ போச்சுன்னா மண்ணுக்குள்ளேயே அழுகும். மாசி மாச ராத்திரி நமக்கே போர்வை பத்தாது. அதுக்கு வழி கண்டுபிடிச்சது நம்ம அக்காமார்தான், ஈரச்சீலையில விதைய சுத்தி அடுப்படி ஓரத்துல வச்சு, முளை கண்டதும் கப்புல போட்டு, நாலு இலை வந்த பிறகு வாளிக்கு மாத்தினாங்க. இத எந்த டிரெயினிங்லயும் சொல்லித்தரல.

இப்ப பூ விசயம். இந்த வருசம் என் வாசலுக்கு வந்த புகார்ல முக்காவாசி இதுதான், "பூ பூத்து பூத்து கொட்டுது, காயே இல்ல, விதை போலி". விதை போலி இல்லைங்க. வெள்ளரியில முதல்ல வர்றது பூரா ஆண் பூ, அது கொட்டத்தான் செய்யும், ஒரு கிழமை பத்து நாள் கழிச்சு பெண் பூ வரும், பூவுக்கு பின்னால குட்டியா ஒரு பிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், பாத்தாலே தெரியும். அந்த பூ ஒரு நாளுக்குத்தான் விரியும், அன்னைக்கு தேனீ வரணும். நம்ம மூட்டத்துலயும் தூறல்லயும் தேனீ எங்க வரும், பிஞ்சு மஞ்சளாகி விழுந்துடும், இல்லாட்டி ஒரு பக்கம் சூம்பி கொக்கி மாதிரி வளையும். அதனால ஆண் பூவ பிச்சு இதழ உரிச்சுட்டு பெண் பூ நடுவுல மெதுவா தடவி விடணும், காலையில. காலையில நாங்கெல்லாம் மலையில. கடைசியில இந்த வேலைய செஞ்சது வீட்டுல இருக்கிற பாட்டிமார், கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒவ்வொரு கொடியா பாத்தாங்க, காய் புடிச்ச பெருமை அவங்களுக்குத்தான் போகணும்.

ஒரு எச்சரிக்கை. பொலித்தீன் கூடாரத்துக்குன்னு விக்கிற ஹைபிரிட் விதையில கொடி பூரா பெண் பூவா வரும், தேனீயும் வேணாம் தடவலும் வேணாம், விதையில்லாம தானா காய்க்கும். அதுக்கும் பக்கத்து கொடி ஆண் பூவ தடவினா காய்க்குள்ள விதை வச்சு நுனி வீங்கிடும், அப்பிடி ஒரு வீட்டுல நடந்து ஏமாத்திட்டாங்கன்னு கடைக்கே போயி சண்டை போட்டாங்க. ஹைபிரிட்டா நாட்டு விதையான்னு கமிட்டிக்குள்ள இன்னும் ஒத்துப்போகல. என் அபிப்பிராயம், வெயில் மாசத்துக்கு நாட்டு விதை, அதுல விதை எடுத்து வைக்கலாம், மழை மாசத்துக்கு கூரைக்கு அடியில ஹைபிரிட், விலை கூடினாலும் பரவால்ல.

மே மாசம் தென்மேல் பருவமழை தொடங்கினதும் இலையில மஞ்சள் புள்ளி, நரம்புக்கு நடுவுல கட்டம் கட்டமா, திருப்பி பாத்தா அடியில சாம்பல் பூத்த மாதிரி. இது அடிச்சாம்பல் நோய், ஈரத்துல பரவுறது. தாவாரத்துக்குள்ள இருந்த சாடி தப்பிச்சிச்சு, வெளிய நனைஞ்சது முக்காவாசி போச்சு, ரெண்டுக்கும் இடையில பத்தடி தூரம் கூட இல்ல. தேயிலை கொப்புள நோய்க்கு அடிக்கிற செப்பு மருந்து கேட்டு கொஞ்ச பேர் வந்தாங்க, நான் குடுக்க விடல, பறிச்சு கழுவி அப்பிடியே கடிக்கிற காய் இது, லேபிள்ல வெள்ளரி பேரு இல்லாத மருந்த விவசாய போதனாசிரியர கேக்காம அடிக்க கூடாது. தண்ணிய வேருக்கு மட்டும் ஊத்துங்க, புள்ளி விழுந்த இலைய கிள்ளி எரிங்க, சாடிய நெருக்கி வைக்காதீங்க.

குரங்கு பிரச்சினைக்கு இந்த வருசமும் தீர்வு இல்ல.

மத்தபடி மாசக்கூட்டம் ஒழுங்கா நடந்திச்சு, வெலிமடை பக்கம் கூடாரம் பாக்க ஒரு பயணம் போனோம், காய்ச்ச காய்ல கொஞ்சம் பிள்ளைக்காம்பரா (பிள்ளைகள பாத்துக்கிற இடம்) சின்னதுகளுக்கும் குடுத்தோம்.

வர்ற வருசத்துக்கு நான் முன்வைக்கிற தீர்மானம் ரெண்டு. விதைய தை கடைசியில அடுப்படியில ஊற போடணும், அப்பதான் மழைக்கு முன்ன ஒரு பறிப்பு எடுக்கலாம், சித்திரைக்கு பிறகு போட்டவங்க கதைய இப்ப கேட்டீங்க. ரெண்டாவது, சங்க காசுல இன்னொரு டிரெயினிங்கும் சாப்பாட்டு பார்சலும் வேணாம், லயத்துக்கு ஒண்ணா மூங்கில் நட்டு கண்ணாடி பொலித்தீன்ல பொது மழைக்கூரை அடிப்போம், எல்லா சாடியும் அதுக்கு கீழ. குளிர கூட சமாளிச்சுட்டோம், ஈரத்துலதான் தோத்தோம். எதிர்க்கிறவங்க இருந்தா இப்பவே கைய தூக்குங்க, பிறகு பீலிக்கரையில பேசாதீங்க.

கணக்கறிக்கைய பொருளாளர் அடுத்து வாசிப்பாரு. சங்கத்து ஸ்ப்ரேயர் யாரு வீட்டுல இருக்கோ அத கழுவி ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டாந்துடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்