மேல்வீட்டுச் சத்தம், கீழ்வீட்டுப் புகை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையின் வாடகை அடுக்குமாடிகளில் சத்தத்தாலும் புகையாலும் வரும் சண்டைகள் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகின்றன. சத்தம் எந்த வழியாக இறங்குகிறது, புகை எந்தச் சந்தில் நுழைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். நாற்காலிக் கால்களில் மாட்டும் நாலு ரப்பர் புஷ்ஷில் தீர வேண்டியது மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

டிவி, பாட்டு, பேச்சு எல்லாம் காற்றில் வரும் சத்தம். நாற்காலி இழுப்பது, குழந்தைகள் குதிப்பது, உரலில் இடிப்பது, கிரைண்டர் ஓடுவது ஆகியவை கட்டடத்தின் உடம்பு வழியாகவே வரும். நம் வீடுகளின் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பேச்சுக் குரலை நன்றாகவே தடுக்கிறது. ஆனால் அதன்மேல் நேராக டைல் பதித்திருக்கிறோம். நடுவே மெத்தென்று எதுவும் கிடையாது. அதனால் மேலே ஸ்டூலை நகர்த்தினால் கீழே உங்கள் தலைமாட்டிலேயே நகர்த்துவது போலக் கேட்கும். கான்கிரீட்டில் ஒலி பக்கவாட்டிலும் ஓடும். தலைக்கு நேர்மேலே என்று தோன்றுவது பல நேரம் மூலைவாட்டு வீடாகவோ இரண்டு மாடி தள்ளியோ இருக்கும். கதவைத் தட்டும் முன் ஒரு வாரம் நாள், நேரம், எந்த மாதிரிச் சத்தம் என்று எழுதி வையுங்கள். பிறகு மேல்வீட்டாரின் சம்மதத்தோடு ஒருவர் மேலே நாற்காலியை இழுக்க, இன்னொருவர் கீழே கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் விடை தெரியும்.

அதிகாலை ஐந்து மணிக்கு ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மேல்வீட்டில் எதையோ போட்டு உடைக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த நேரம் வாட்ச்மேன் மோட்டாரை நிறுத்தும் நேரமா என்று ஒருமுறை ஒத்துப் பாருங்கள். மோட்டார் நின்றதும் மேல்தொட்டிக் குழாயில் உள்ள தண்ணீர் பின்னோக்கி இறங்க, என்.ஆர்.வி. என்னும் ஒருவழி வால்வின் தட்டு படாரென்று அறைந்து மூடும். அந்த அடி குழாய் வழியாக எல்லா மாடிக்கும் ஏறும். ஸ்பிரிங் வைத்த வால்வு மாற்றி, குழாயைச் சுவரில் பிடித்திருக்கும் கிளாம்புகளுக்குள் ரப்பர் பட்டை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அது குடியிருப்புச் சங்கத்தின் செலவு. எந்தக் குடித்தனக்காரர் தலையிலும் கட்டக் கூடாது.

கிரைண்டரைச் சமையல் மேடையில் சுவரோடு ஒட்டி வைப்பதுதான் பெரிய தவறு. மேடைக் கல் சுவருக்குள் பதிந்திருப்பதால் அடுத்த வீட்டுச் சுவரே அதிரும். தரையில், சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, பத்து மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் பாய்மேல் வைக்க வேண்டும். உரலுக்கும் அம்மிக்கும் அடியில் நான்காக மடித்த சாக்கு போதும். நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் ஃபெல்ட் பட்டைகள் ஈரத் துடைப்பம் பட்டுப் பட்டுச் சில மாதத்தில் கழன்றுவிடும். மாட்டிவிடும் ரப்பர் புஷ்ஷே நிற்கும். வாஷிங்மெஷின் ஆடினால் முதலில் நாலு காலும் சமமாகத் தரையில் பதிகின்றனவா என்று பாருங்கள். ஏ.சி. வெளியூனிட் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரில் தொங்கினால், அதன் அடியில் உள்ள ரப்பர் வெயிலில் வெடித்துப் போயிருக்கும். சர்வீஸ் செய்பவரிடம் கேட்டால்தான் மாற்றுவார்.

சட்டம் எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். இவை ஒரு நேரப் பரப்பின் சராசரி அளவுகள். நாற்காலி இழுபடும் அரை நொடி அந்தச் சராசரியில் கரைந்துபோகும். காவல்துறைக்கு அழைத்தாலும் பயனிருக்காது. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் ஸ்பீக்கர் அலறினால் விஷயமே வேறு. திறந்தவெளியில் அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் துளையிடும், வெட்டும் கட்டுமானக் கருவிகளையும் இரவில் இயக்கக் கூடாது. தயங்காமல் 100-ஐ அழைக்கலாம். கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் எண் முன்னே பின்னே இருக்கும். முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆதாரமாக நிற்காது.

புகைக்கு வருகிறேன். இதில் மக்கள் படும் அவஸ்தை அதிகம், அறிந்திருப்பது குறைவு. வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியக் கூடாது என்றோ, அவர்கள்மேல் படக் கூடாது என்றோ பலர் பாத்ரூமுக்குள் போய்ப் பிடிக்கிறார்கள். பாத்ரூம் வென்டிலேட்டர் டக்ட்டுக்குள், அதாவது குழாய்கள் இறங்கும் செங்குத்தான சந்துக்குள், திறக்கிறது. அந்த டக்ட் ஒரு புகைபோக்கி. முதல் மாடியில் ஊதியது மூன்றாம் மாடிக் குழந்தையின் அறைக்குள் வருகிறது. மேலே இருப்பவர் புகையை விரட்டச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறார். ஜன்னல்களை இறுக மூடிக்கொள்கிறார். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும் அல்லவா? பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக டக்ட் புகையை அந்த ஃபேனே இழுத்துக் கொண்டுவருகிறது. எக்ஸாஸ்ட் ஓடும்போது தெருப்பக்க ஜன்னல் ஒன்று திறந்தே இருக்க வேண்டும்.

புகை நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். மின்விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களை மூடி, எக்ஸாஸ்டை மட்டும் ஓடவிடுங்கள். கொளுத்திய பத்தியை வாசற்கதவின் அடியிலும், பாத்ரூம் கதவிடுக்கிலும், ஏ.சி. குழாய் சுவருக்குள் போகும் துளையிலும், சிங்க் குழாய் இறங்கும் ஓட்டையிலும் மெதுவாகக் காட்டுங்கள். நேராக எழும் புகைக்கோடு எங்கே உங்கள் பக்கம் வளைந்து ஓடுகிறதோ அங்கே காற்று உள்ளே வருகிறது. குழாய்த் துளைகளைச் சிலிக்கானால் அடைக்கலாம். கதவடிக்கு ரப்பர் பட்டை. பாத்ரூம் வென்டிலேட்டரில், நின்றதும் தானே மூடிக்கொள்ளும் தகடு உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன். அதிகம் பயன்படுத்தாத பாத்ரூமின் நானி டிராப்பில் (தரை வடிகாலில் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம்) தண்ணீர் வற்றியிருந்தால் கழிவுக் குழாய்க் காற்று நேராக மேலே வரும். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வையுங்கள். சமையலறைக் காற்றோட்டத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். அங்கே கேஸ் இருக்கிறது.

ரூம் ஸ்பிரே அடிப்பது வாசனையை மறைக்கும், புகையை எடுக்காது. ஏர் பியூரிஃபையர் துகள்களைப் பிடிக்கும். வாயுக்களைப் பிடிக்கக் கரி ஃபில்டர் வேண்டும், அதுவும் ஓரளவுக்குத்தான். அடுத்தவர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே ‘கொஞ்சம்தானே’ என்பதை ஒரு பதிலாக ஏற்க முடியாது.

2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. 200 ரூபாய் வரை அபராதம். சொந்த வீட்டுக்குள் பிடிப்பதை அது தொடாது. குடியிருப்பின் படிக்கட்டு, லிஃப்ட் ஆகியவை சட்டத்தின் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை என்பதால், சங்கம் தன் துணைவிதியிலேயே அந்த இடங்களில் புகை கூடாது என்று எழுதி வைப்பது உறுதியான வழி. கூடவே ஓர் இடமும் ஒதுக்க வேண்டும்: மொட்டை மாடியில், படிக்கட்டுக் கதவையும் டக்ட் வாயையும் விட்டுத் தள்ளி, மணல் போட்ட ஒரு வாளியோடு. இடமே காட்டாமல் தடைபோட்டால் மறுபடியும் பாத்ரூம்தான். பால்கனிக்குப் போகச் சொல்வதும் தீர்வல்ல; அது மேல்வீட்டு ஜன்னலுக்குள் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிகரெட் புகையையும் மீன் வறுக்கும் வாசனையையும் ஒரே புகார்க் கடிதத்தில் சேர்க்கும் சங்கங்கள் இருக்கின்றன. முன்னது உடம்பைக் கெடுப்பது. பின்னது அடுத்தவர் சாப்பாடு. அதேபோல், வாடகைக்கு இருப்பவர் என்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவது, லிஃப்டைத் தடுப்பது போன்ற தண்டனைகள் அநியாயம். அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் வீட்டு உரிமையாளரைத் தடுக்கிறது. தொல்லை தொடர்ந்தால் அதே சட்டத்தில் முறையான வழி இருக்கிறது: உரிமையாளர் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதன் பிறகும் வீட்டைப் பிறருக்குத் தொல்லையாகப் பயன்படுத்துவது நிற்காவிட்டால், அதைக் காரணம் காட்டி வாடகை நீதிமன்றத்தை நாடலாம். அதனால் பாதிக்கப்பட்டவர் எழுதிவைத்த நாள், நேரக் குறிப்பை உரிமையாளருக்கு அனுப்பி, சங்கச் செயலாளருக்கு ஒரு நகல் கொடுப்பது அவசியம். தொல்லை தருபவரே வீட்டின் சொந்தக்காரர் என்றால் சங்கத்தின் துணைவிதி, அதற்கும் மேல் சிவில் நீதிமன்றம்.

முதல் பேச்சு நேரில் இருக்கட்டும். இரவு பதினொன்றரைக்குச் சத்தம் கேட்கும் அதே நிமிடம் போய் நிற்காமல், மறுநாள் மாலை போங்கள். “எப்பப் பார்த்தாலும் சத்தம்” என்றால் எதிரில் இருப்பவர் தற்காப்புக்குத்தான் போவார். “ராத்திரி பதினொன்றரைக்கு மேல சாப்பாட்டு மேஜை நாற்காலி இழுபடுதுங்க, குழந்தை முழிச்சிக்குது, இந்த ரப்பரை மாட்டிப் பார்க்கிறீங்களா” என்று கையில் புஷ்ஷோடு போனால் மறுப்பவர் அரிது.

வாடகை ஒப்பந்தங்கள் இதையெல்லாம் பேசுவதே இல்லை. பழைய தாளை நகலெடுத்து, பெயரும் தொகையும் மாற்றிக் கையெழுத்துப் போடுகிறோம். மூன்று வரி சேர்த்தால் போதும்: இரவு 10 முதல் காலை 6 வரை கிரைண்டர், வாஷிங்மெஷின் கூடாது; டக்ட் பக்கம் திறக்கும் அறைகளிலும் பொது இடங்களிலும் புகைபிடிக்கக் கூடாது; பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன், கதவடிப் பட்டை, குழாய்த் துளை அடைப்பு மூன்றையும் உரிமையாளர் செய்து கொடுக்க வேண்டும். மூன்றாவது வரி இல்லாமல் முதல் இரண்டை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

இந்த வேலைகளுக்கு ஏற்ற நேரம், ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வரும்வரை வெள்ளையடிக்க வீடு பூட்டிக் கிடக்கும் அந்த ஒரு வாரம். பெயின்டர் வருவதற்கு முன்தினம் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் வரவழையுங்கள். சிலிக்கான் காய்ந்த பிறகு பெயின்ட் அடித்தால் ஒட்டுப் போட்ட இடமே தெரியாது.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்,
சென்னை