கோவைப் பாத்தியை எங்கள் ஊருக்கும் கொண்டு வாருங்கள்

மண்வள ஆராய்ச்சியாளர்களுக்கும், மண் பரிசோதனைத் திட்டங்களை வகுத்து நடத்தும் வேளாண் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் கொங்கு நாட்டில் மூன்று ஏக்கர் செம்மண் பூமியில் பண்ணையம் பார்ப்பவள். ஒன்றரை ஏக்கருக்குக் கிணற்றுத் தண்ணீர், மீதி மானாவாரிக் காடு. நிலக்கடலை, சோளம், மக்காச்சோளம், ஊடுபயிராகத் தட்டைப்பயறு. உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். ஆனால் அதை ஏன் கேட்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தேன். அங்கே 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார்கள். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி கோவைக்கு வந்ததே 1906இல்தான், அதாவது வந்து மூன்று வருடத்தில் இதைப் போட்டுவிட்டார்கள். மானாவாரியில் ஒன்று, அப்புறம் 1925இல் இறவையில் இன்னொன்று. ஒரு பாத்திக்கு ஒன்றுமே கிடையாது, இன்னொன்றுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும், இன்னொன்றுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும், ஒன்றுக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மட்டும், சிலவற்றுக்கு இரண்டிரண்டாக, ஒன்றுக்கு மூன்றும், ஒன்றுக்குத் தொழு உரம். இந்தப் பாத்திக்கு இது என்று அன்றைக்கு வைத்த கணக்குதான் இன்றைக்கும். வெள்ளைக்காரன் போனான், எத்தனையோ ரகங்கள் வந்து போயின, அந்தப் பாத்திகள் மட்டும் இடம் மாறவில்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஊரில் 1843இல் இதே மாதிரி ஆரம்பித்த வயல் இன்னும் நடக்கிறதாம், அதைப் பார்த்துத்தான் இங்கேயும் போட்டார்கள் என்று சொன்னார்கள்.

நான் போன சமயம் அதில் மக்காச்சோளம் நின்றது. ஒரே நாளில் விதைத்தது, ஒரே விதை, ஒரே மழை. ஒரு பாத்தியில் என் தலைக்கு மேல், வரப்பைத் தாண்டினால் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கூட வந்தவர்கள் எல்லாம் வேனில் ஏறியாகிவிட்டது, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இருபது வருடமாக எத்தனையோ கூட்டத்தில் உட்கார்ந்து 'சமச்சீர் உரம், சமச்சீர் உரம்' என்று கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

குறிப்பாக மணிச்சத்து. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் போட்டு மணிச்சத்தை மட்டும் விட்ட பாத்திக்கும் ஒன்றுமே போடாத பாத்திக்கும் என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. லீபிக் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டிலேயே பரப்பிய விதிதான் இது: எந்தச் சத்து ரொம்பக் குறைவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். குழம்பில் உப்பு இல்லை என்றால் புளியை இரண்டு மடங்கு கரைத்து ஊற்றி என்ன ஆகப்போகிறது? எங்கள் வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், காட்டுக்குப் போனால் மறந்துவிடுகிறது.

மறப்பதற்குக் காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விவசாயியைக் குறை சொல்லக் கூடாது. தழைச்சத்து மட்டுமே உள்ள யூரியாவைப் போட்டுத் தண்ணீர் விட்டால் நாலைந்து நாளில் பயிர் கருகருவென்று பச்சை கட்டிவிடும். ரோட்டில் போகிறவர்கூட நின்று 'என்னங்க்கா போட்டீங்க' என்று கேட்டுவிட்டுப் போவார். மணிச்சத்து வேரில் வேலை செய்கிறது, சாம்பல்சத்து தண்டிலும் மணியிலும் வேலை செய்கிறது, அதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது. விலையும் அப்படியே. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, தழையும் மணியும் சேர்ந்த டிஏபி உரம் 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். 2010இல் சத்து அடிப்படையில் மானியம் என்று கொண்டுவந்தபோது மற்ற உரங்களை எல்லாம் அதில் சேர்த்தார்கள், யூரியாவை மட்டும் வெளியே விட்டார்கள். கையில் இருக்கிற காசுக்கு எது வரும் என்று பார்க்கிறவன் எதை வாங்குவான்?

சரி, அதற்குத்தானே மண் பரிசோதனை என்பீர்கள். 2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, கரிமச்சத்து என்று 12 விஷயம் பார்க்கிற அட்டை, அதுவும் இலவசமாக. ஆனால் முதல் சுற்றில் மண் எடுத்த கணக்கைப் பாருங்கள். பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியென்றால் மூன்று பேர் தோட்டத்துக்கு ஒரு மண், மானாவாரியில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் காட்டுக்கு ஒரு மண். என் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருடம் தவறாமல் ஆட்டுப்பட்டி போடுகிறவர், நான் ஏரி வண்டல் அடித்தவள், அந்தப் பக்கம் இருப்பவர் பத்து வருடமாக யூரியாவைத் தவிர வேறு எதையும் தொடாதவர். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே எண் வந்தால் அந்த எண் யாருடையது?

நாங்களே மண் எடுத்துக் கொடுத்தும் பார்த்தோம். வரப்பு ஓரம், எருக்குழிப் பக்கம், மரத்தடி, வாய்க்கால் ஓரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் சருகை ஒதுக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, இரண்டு பக்கமும் சீராகச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகத்தைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, துணிப்பையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த ஆய்வகம் என்பது இங்கே முக்கியம் இல்லை. முடிவு கைக்கு வந்தபோது கடலை பிடுங்கிக் காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். அட்டையில் 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று இருந்தது. நடுத்தரம் என்றால் நான் எத்தனை மூட்டை போட வேண்டும், போட்டால் எத்தனை மூட்டை அதிகமாக வரும்? அதற்குப் பதில் அதில் இல்லை.

ஆனால் அந்தப் பதில் உங்களிடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். 1960களில் மண் விஞ்ஞானி டாக்டர் ராமமூர்த்தி தொடங்கிவைத்த இலக்கு விளைச்சல் முறையைப் படித்துப் பார்த்தபோது இப்படி ஒரு யோசனையா என்று அசந்துபோனேன். ஒரே வயலை மூன்று பட்டையாகப் பிரித்து ஒன்றுக்கு உரமே இல்லாமல், ஒன்றுக்கு வழக்கமான அளவு, மூன்றாவதுக்கு அதில் இரண்டு மடங்கு கொடுத்து ஒரு பயிரை எடுத்துவிடுவது. வேறு ஊர், வேறு மழை என்ற குழப்பமே இல்லாமல் ஒரே இடத்தில் இளைத்த மண்ணும் கொழுத்த மண்ணும் கிடைத்துவிடும். அடுத்த பட்டத்தில் அதன்மேல் பல அளவில் உரம் கொடுத்து அசல் பயிரை வைத்து அளந்தால், ஒரு குவிண்டால் விளைய எவ்வளவு சத்து வேண்டும், அதில் மண் எவ்வளவு கொடுக்கும், போட்ட உரத்தில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேரும் என்ற மூன்று எண் கிடைக்கும். அந்த மூன்றும் தெரிந்தால், எனக்கு இத்தனை குவிண்டால் வேண்டும், என் மண்ணில் இவ்வளவு இருக்கிறது, தொழு உரம் இவ்வளவு போட்டிருக்கிறேன் என்று சொன்னதும் மீதிக் கணக்கு வந்துவிடும். கோவையில் இதற்குக் கணினி நிரலே எழுதி வைத்திருக்கிறீர்கள். 2023இல் 'தமிழ் மண்வளம்' என்று இணையதளமும் வந்தாகிவிட்டது. இதெல்லாம் நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் ஒரு எண்ணைப் பார்த்து யூரியா மூட்டையைக் கீழே வைக்க மாட்டார். பக்கத்துக் காட்டில் நிற்கிற பயிரைப் பார்த்துத்தான் வைப்பார். அந்த மக்காச்சோளத்தைப் பார்த்துத்தானே நானும் மாறினேன்?

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு ஊராட்சியிலும் பதினைந்து சென்ட் இடத்தில் ஐந்து பாத்தி போடுங்கள். ஒன்றுக்கு ஒன்றும் வேண்டாம். ஒன்றுக்கு யூரியா மட்டும். ஒன்றுக்கு மணிச்சத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றது. ஒன்றுக்கு மூன்றும். கடைசிக்கு மூன்றோடு தொழு உரம். பாத்தி முன்னால் பலகை வையுங்கள், அறுத்த அன்றைக்கே ஊர்க்காரர் முன்னால் எடை போட்டு அதே பலகையில் எழுதுங்கள்.

செயல்விளக்கத் திடல்தான் ஏற்கெனவே போடுகிறோமே என்று சொல்லிவிடாதீர்கள். நான் பார்த்த திடல் எல்லாம் ஒரு பட்டம் நடக்கும், போட்டோ எடுப்பார்கள், அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விடும். முதல் வருடத்தில் மண்ணுக்குள் பழைய சேமிப்பு இருக்கும், அதைத் தின்று யூரியா பாத்தி மற்றவற்றுக்குச் சமமாகத்தான் நிற்கும். ஒரு வருடத் திடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் யூரியாவே போதும் என்றுதான் முடிவு கட்டுவான், அதில் தப்பும் இல்லை. சேமிப்பு கரைவது மூன்றாவது நாலாவது வருடத்தில், சில மண்ணில் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். 1970களில் நாடு முழுக்க ஆரம்பித்த நீண்டகால உரச் சோதனைகளில் இமாசலத்தின் பாலம்பூரில் தழைச்சத்து மட்டும் வாங்கிய பாத்தி வருடா வருடம் அமிலம் ஏறிப் புளித்துப் புளித்துக் கடைசியில் விளைச்சலே இல்லாமல் போய்விட்டது. அங்கே அமில மண். எங்கள் பக்கம் சுண்ணாம்பு ஓடுகிற மண் நிறைய, இங்கே அப்படி ஆகாது, வேறு மாதிரி ஆகும். செம்மண்ணில் மணிச்சத்தை இரும்பு பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், டெல்டாக் களியில் துத்தநாகம் வேறு கேட்கும். கோவையில் ஒரு வயல் இருப்பது போதாது என்பது இதனால்தான். பாத்திகள் இடம் மாறாமல் குறைந்தது பத்து வருடம் இருக்க வேண்டும்.

தொழு உரம் போட்ட பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் 1972இல் ஆரம்பித்த கேழ்வரகு, மக்காச்சோளச் சோதனையில் மூன்று சத்தோடு தொழு உரமும் வாங்கிய பாத்திதான் முன்னால் நிற்கிறது. நானும் அதை நம்புகிறேன். ஆனால் ஹெக்டேருக்கு 12.5 டன் என்று எழுதிவிடுகிறீர்கள், அது ஏக்கருக்கு 5 டன். எங்கள் வீட்டில் இரண்டு மாடு. எருக்குழியில் மக்கி வற்றினது போக வருடத்தில் கிடைப்பது ஒரு ஏக்கருக்கே பற்றாது. அந்த ஐந்தாவது பாத்தியில் 5 டன் கணக்கில் கொட்டிக் காட்டாமல், ஊரில் ஒருவருக்கு நிஜமாகக் கிடைக்கிற அளவைப் போட்டு, கூடவே பசுந்தாள் உரத்துக்குக் கொளுஞ்சியோ சணப்பையோ விதைத்து மடக்கி உழுது காட்டுங்கள். அப்போதுதான் அது எங்கள் பாத்தியாக இருக்கும்.

செலவு என்று பார்த்தால் விதை, உரம், ஒரு தராசு, இரண்டு பாத்தியில் விளையாமல் போவதற்கு நிலத்துக்காரருக்கு நஷ்ட ஈடு. ஆள் இல்லை என்றால் உள்ளூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை எடை எழுதச் சொல்லலாம், அவர்கள் நம்மைவிடச் சரியாக எழுதுவார்கள். கோவைப் பாத்திகளின் வருடா வருடக் கணக்கையும் தமிழில் எல்லோருக்கும் திறந்து வையுங்கள், 1909இலிருந்து.

முதல் இடத்தை நானே தருகிறேன். எங்கள் தோட்டத்துக்குத் தெற்கே, கிணற்று மேட்டைத் தாண்டி, பதினைந்து சென்ட் ஒரே மட்டமான செம்மண். மரநிழல் விழாது, மூன்று வருடமாக எரு கொட்டவில்லை, ரோட்டு ஓரம் என்பதால் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும். நஷ்ட ஈடுகூட எனக்கு வேண்டாம், பத்து வருடத்துக்கு எழுதியே தருகிறேன். சித்திரையில் கோடை உழவு போட்டுவிடுவோம், மண் எடுப்பதாக இருந்தால் அதற்கு முன்னால் வாருங்கள். ஆடிப் பட்டத்துக்கு விதைத்துவிடலாம்.