ஹீரோவுக்குத் தெரியக் கூடாது

அன்புள்ள கண்ணம்மா,

சூப்பர் ஹீரோக்களைக் கேலி செய்யும் காமிக்ஸ் தொகுப்பு ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து கொண்டுவரப் போவதாக எழுதியிருந்தாய். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது ஹீரோவுக்குத் தெரியவே கூடாது. அவன் வாசகரைப் பார்த்துக் கண்ணடித்தால் காரியம் கெட்டது.

1953-இல் ‘மேட்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில், சூப்பர்மேனைக் கேலி செய்து ஹார்வி கர்ட்ஸ்மன் எழுதி வாலி வுட் வரைந்த ‘சூப்பர்டூப்பர்மேன்’ வெறும் எட்டுப் பக்கம். யாராலும் அசைக்க முடியாத எதிராளியை, அவன் குத்து அவன் தலையிலேயே விழும்படி ஏமாற்றித்தான் ஹீரோ வீழ்த்துகிறான். எதிராளியை யாராலும் அசைக்க முடியாது என்ற விதியைக் கதை எங்கும் மீறவில்லை. அதைக் கடைசிவரை ஒழுங்காக இழுத்துப் போனதில்தான் சிரிப்பு. வுட்டின் கோடும் நிழலும் அசல் சாகசக் கதைக்குரியவை. கோணல்மாணலாக வரைந்திருந்தால் பாதி போயிருக்கும்.

கைல் பேக்கர் என்ற அமெரிக்க ஓவியர், குழந்தை சூப்பர்மேனைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் படும் பாட்டைக் கதையாக்கினார். குழந்தை மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளும் போகிறது! 1999-இல் அச்சான பிரதிகளைப் பதிப்பகமே அழித்தது; ஆனாலும் அடுத்த ஆண்டு அது சிறந்த சிறுகதைக்கான ஐஸ்னர் விருதை, காமிக்ஸுக்கென்றே தரும் விருதை, வாங்கியது. 2001-இல் ‘பிஸாரோ காமிக்ஸ்’ தொகுப்பில் மறுபடி வந்தது. அந்தத் தொகுப்பைக் கட்டாயம் பார். ஒரே ஹீரோக்கள், பக்கத்துக்குப் பக்கம் வேறு கை. ஆளுக்கு ஆள் மூக்கும் மேலங்கியும் மாறுவதே ஒரு வேடிக்கை. அதனால் எல்லோரும் ஒரே மாதிரி வரைய வேண்டும் என்று நீ கண்டிப்புக் காட்டாதே.

கண்டிப்பு வேறு இடத்தில் வேண்டும். வரையத் தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் இரண்டு வரிக் கதைச்சுருக்கம் வாங்கு. இல்லாவிட்டால் பத்தில் நான்கு, உடையைத் துவைப்பது பற்றியே வந்து சேரும். எட்டுப் பக்கத்துக்கு மேல் யாருக்கும் கொடுக்காதே. ஒரு நகைச்சுவை அதற்கு மேல் மூச்சு வாங்கும். நீளமான கதைக்குப் பின் ஒரு பக்கக் கதை வை.

பக்கம் புரட்டுவதுதான் உன் முக்கியக் கருவி. இடப்பக்கம் இரட்டை எண், வலப்பக்கம் ஒற்றை எண். வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் கேள்வி நிற்கட்டும். புரட்டியதும் இடப்பக்கத்து முதல் கட்டத்தில் குட்டு உடையட்டும். பிறகு எவராவது நடுவில் ஒரு தலைப்புப் பக்கத்தைச் செருகினால், பின்னால் வரும் எல்லாக் கதைகளும் ஒரு பக்கம் நகர்ந்து, வெடிக்க வேண்டியது எதிர்ப்பக்கத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் பார்த்தவரை நல்ல கதைகள் பாழாவது பெரும்பாலும் இப்படித்தான்.

நடுவில் பின் அடிப்பதானால் மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 48 போதும். தாள் கூடக்கூட உள் தாள்கள் வெளியே பிதுங்கும். ஓரத்தை வெட்டும்போது விளிம்பிலுள்ள வசனமும் போய்விடும்.

வசனத்தைப் படத்துக்கு முன்பே எழுதிப் பார்க்கச் சொல். தமிழ்ச் சொற்கள் நீளம். வசனம் எழுதும் பலூன் வீங்கி ஹீரோவின் முகத்தை மறைத்துவிடும். முகம் மறைந்தால் வீறாப்பை எங்கே பார்ப்பது?

டம்மி, அதாவது புத்தகத்தின் மாதிரிப் பிரதி, தயாரானதும் ஒன்று அனுப்பு. பென்சில் கோடாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா