பின்னணி அறிக்கையைப் பையன் வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள்

சேலம் மாநகரக் காவல் நிலையங்களின் குழந்தை நல காவல் அலுவலர்களுக்கு,

வணக்கம். சில்லறை வழக்குகளில் சிக்கும் பையன்களுக்குத் துணையாக ஒரு அண்ணனைச் சேர்த்துவிடுவதுதான் பல வருடமாக என் வேலை. உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். கேட்க வந்தது ஒரே விஷயம்: சமூகப் பின்னணி அறிக்கையை, அதாவது பையனின் குடும்பம், படிப்பு, சகவாசம் பற்றி நீங்கள் எழுதும் அறிக்கையை, ஸ்டேஷன் மேசையில் வைத்து எழுதாதீர்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்றால் அது சிறு குற்றம். சாதாரண பைக் திருட்டும் அதற்குள்தான் வரும். கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். வேண்டாம், பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும் என்கின்றன 2016 மாதிரி விதிகள். அப்படியென்றால் சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் பையனுக்காக முதலில் பேசப்போவது அந்த அறிக்கைதான்.

நான் பார்த்த ஓர் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'கெட்ட சகவாசம்' என்று மட்டும் இருந்தது. பையன் செய்தது, தெருவில் நின்ற பைக்கை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போனது. பெட்ரோல் தீர்ந்து மாட்டிக்கொண்டான். (விற்கத் தெரிந்தவன் மலைக்கா போவான்?) வீட்டுக்குப் போயிருந்தால் மீதியும் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. அப்பா அவர்களோடு இல்லை. பத்தாவதில் கணக்கு போனதிலிருந்து பையன் பள்ளிப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் முழுக்கத் தன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்களோடு டீக்கடை வாசல்.

இதெல்லாம் தாளில் இருந்தால் குழுமம் அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று அவனுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முடியும். இல்லாவிட்டால் கண்டித்து அனுப்புவதோடு சரி, மறுநாளும் அதே டீக்கடைதான். அறிவுரை வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது, சாயங்காலம் கபடிக்குக் கூட்டிப்போய், அப்புறம் துணைத்தேர்வுக்கு விண்ணப்பமும் போட வைக்கிற ஒரு ஆள். எப்படிப்பட்ட ஆளைத் தேடுவது என்று உங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் எங்களால் முடிவு செய்ய முடியும்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா பந்தோபஸ்து வந்துவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதும் தெரியும். சிறப்பு இளைஞர் காவல் பிரிவில் 2 சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 107-ஆம் பிரிவு. உங்களால் முடியாத நாளில் அவர்களை அனுப்புங்கள். நீங்களே போனால் மஃப்டியில் போங்கள், விதியும் அதைத்தான் சொல்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் போவது நல்லது. அதற்கு முன் அம்மாக்கள் பட்டறையிலிருந்து வந்திருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு களப்பணியாளர்