ஊட்டிக்கு 29 டிகிரியே கடும் வெயில்தான்

ஐயா,

வெப்ப அலை எச்சரிக்கை பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சமவெளியில் 40, மலைப்பகுதியில் 30 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அது வெப்ப அலையா என்று பார்க்கவே தொடங்குகிறது இந்திய வானிலை ஆய்வு மையம். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. வழக்கத்தைவிட 5 டிகிரிக்கு மேல் அதிகம். ஆனாலும் ஒரே ஒரு டிகிரி குறைந்ததால் கணக்கில் சேராது. சென்னைக்காரருக்கு 29 டிகிரி இதமாக இருக்கலாம். குளிருக்குப் பழகிய உடம்புக்கும் குளிருக்கென்றே கட்டிய வீட்டுக்கும் அப்படி இல்லை. அந்த வாரம் குன்னூர் அருகே தேயிலைத் தோட்ட லைன் வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். தகரக் கூரை, கைகூடப் போகாத சின்ன ஜன்னல், மின்விசிறி மாட்டக் கூரையில் ஒரு கொக்கிகூட இல்லை. எண்பது வயதுப் பாட்டி ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பிரிட்டனில் ஒரே அளவை எல்லோருக்கும் வைப்பதில்லை. லண்டனுக்கு 28, ஸ்காட்லாந்துக்கு 25 டிகிரி. அதுவும் தொடர்ந்து மூன்று நாள் நீடிக்க வேண்டும். சரி, அந்த எண்களை நாம் அப்படியே எடுக்க வேண்டாம். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஒவ்வொன்றுக்கும் அதனதன் பழைய பதிவுகளை வைத்துத் தனி வரம்பு குறிக்கலாம். வருகிற மார்ச்சுக்குள் செய்தால், தோட்டங்களில் மதிய வேலை நேரத்தை மாற்றவாவது உதவும்.

– வாசகர், குன்னூர்