கருவியின் தலையில் கட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டத் தொழிலில் செயற்கை நுண்ணறிவு குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘கருவி செய்த பிழைக்குக் கையெழுத்திட்ட வழக்கறிஞரைத் தண்டிப்பது கொடுமை’ என்று உருகியிருக்கும் கட்டுரையாளர், அந்தக் கருணையில் ஒரு துளியைக் கட்சிக்காரன் பக்கமும் சிந்தியிருக்கலாம்.

அதற்குச் சான்றாக அவர் 2023-ஆம் ஆண்டின் நியூயார்க் வழக்கை எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான அந்த வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகப் படைத்த ஆறு தீர்ப்புகளை நம்பி வாதிட்ட இரு வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்த நீதிபதி கெவின் காஸ்டல், நம்பகமான கருவியின் துணையை நாடுவதில் தவறேதுமில்லை என்று உத்தரவின் தொடக்கத்திலேயே எழுதியிருப்பது தாங்கள் அறியாததல்ல. அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடைக்கவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லி, நீதிமன்றமும் கேட்ட பிறகு, உண்மையை ஒப்புக்கொள்ளாமல் அவற்றையே பிடித்துக்கொண்டு நின்றதற்குத்தான் தண்டனை. அவர்களில் ஒருவர் செய்த சரிபார்ப்பு, ‘இவை உண்மையான வழக்குகள்தானா’ என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டது! பொய்ச்சாட்சியின் யோக்கியதைக்கு அவனிடமே சான்று வாங்கியதை வேறெப்படிச் சொல்வது?

நான் 11 ஆண்டுகளாக ஒரு சொத்து வழக்கில் பிரதிவாதியாக இருப்பவன். தொடக்கத்தில் என் எதிர்வழக்குரையில் வேறு யாருடைய தகப்பனார் பெயரோ இருந்தது. பழைய கோப்பிலிருந்து நகலெடுத்தபோது நேர்ந்தது என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். சென்ற மாதம் என் கையெழுத்துக்கு வந்த மனுவிலோ, வேண்டுதலுக்குக் கீழே, ‘இதை இன்னும் சுருக்கமாக மாற்றித் தரட்டுமா?’ என்று ஒரு வரி. நீதிபதியைப் பார்த்து நானே அப்படிக் கேட்பதாக அல்லவா அது போய்ச் சேர்ந்திருக்கும்! சுட்டிக்காட்டியதும் என் வழக்கறிஞர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, தேதி போடச் சொன்னார். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்லிக் கூடுதல் கட்டணம் வாங்கியதும் அதே மனுவுக்குத்தான்.

கட்டணம் போகட்டும். என் மனைவியின் மருத்துவ அறிக்கைகளை, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, கைப்பேசியில் படமெடுத்து ஏதோ ஓர் இலவசச் செயலியில் ஏற்றிச் சுருக்கம் கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வக்கீலிடமும் வைத்தியரிடமும் எதையும் மறைக்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்தச் சொல்லில் மூன்றாமவர் யாரும் இல்லை. கட்சிக்காரரின் தகவலைத் தானாகக் கற்கும் கருவிகளில் இடுவதற்கு முன், ஆபத்தை விளக்கி அவரது சம்மதத்தைப் பெற வேண்டும் என்றும், ஒப்பந்தத்தில் பொதுப்படையாக ஒரு வரி சேர்த்துவிட்டால் அது சம்மதமாகிவிடாது என்றும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட 512-ஆம் கருத்துரை சொல்கிறது. தங்கள் கட்டுரை இதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

அடுத்த இதழில் அந்த நியூயார்க் வழக்கைப் பற்றி இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தை எழுத எந்தக் கருவியின் துணையை நாடினாலும் எனக்கு மறுப்பில்லை. அதற்கு முன் அந்த உத்தரவை யாராவது ஒருவர் திறந்து படித்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத பிரதிவாதி